நாள் தள்ளிப்போனால் முதலில் செய்யக் கூடாதவை

“வாந்தியே வரலையே, அப்புறம் எப்படி கர்ப்பம்?” என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மசக்கை எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் நாள் தள்ளிப்போய் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தொடங்கும். வாந்திக்காகக் காத்திருந்தால் அத்தனை நாளும் வீண்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மார்பு கனக்கிறது, அடிவயிறு இழுக்கிறது, உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, ஆகவே கர்ப்பம்தான் என்று நாள் வருமுன்பே முடிவு கட்டிவிடுவது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்திலும் இதெல்லாம் அப்படியே இருக்கும். இரண்டு நிலையிலும் உடம்பில் ஓடுவது அதே புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்தான். அந்த வாரத்தில் உடம்பைக் கேட்டுப் பயனில்லை, காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி கேட்டால் பலர் ரத்தம் நின்ற நாளைச் சொல்கிறார்கள். டாக்டர் கேட்பது ரத்தம் தொடங்கிய நாளை. வாரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

சரி, நாள் தள்ளிவிட்டது, மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கியாயிற்று. தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். கிட் தேடுவது ஹெச்.சி.ஜி என்ற ஹார்மோனை. கருமுட்டை வெளியாகி 6 முதல் 12 நாளில் கரு கருப்பையில் ஒட்டும். அதற்குப் பிறகுதான் இந்த ஹார்மோன் ரத்தத்திலும் சிறுநீரிலும் சேரும். அவசரப்பட்டு முன்பே பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று நம்பினால் ஏமாற்றம்தான். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. சொம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் ஹார்மோன் நீர்த்துப்போய் கோடே தெரியாமல் போகலாம். உள்ளே இருக்கும் சொட்டுக்குழாயால் எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பது அட்டையிலேயே இருக்கும். பெரும்பாலான கிட்டில் 3 சொட்டு, 5 நிமிடம். கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் ‘சி’ கோடு வராவிட்டால் அந்த கிட் செல்லாது. கர்ப்பத்தைக் காட்டும் ‘டி’ கோடு மங்கலாக, ஆனால் நிறத்தோடு வந்திருந்தால் அது பாசிட்டிவ்தான். “லேசாத்தானே இருக்கு” என்று தள்ளிவிட வேண்டாம். தூக்கிப் போட்ட கிட்டை மதியம் மறுபடி எடுத்துப் பார்த்துக் குழம்புகிறவர்களும் உண்டு. அப்போது தெரியும் சாம்பல் கோடு சிறுநீர் காய்ந்த தடம். நெகட்டிவ் வந்தும் ரத்தம் வரவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

யூடியூபில் சர்க்கரை, உப்பு, டூத்பேஸ்ட்டில் சிறுநீரை ஊற்றிக் காட்டுகிறார்களே, அது வெறும் பொழுதுபோக்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பரிசோதிக்கும்போது சமையலறைச் சாமானை எதற்கு வீணாக்க வேண்டும்?

‘கொஞ்சம் பட்டது, அதனால் பீரியட்ஸ் வந்துவிட்டது’ என்பது அடுத்த தப்புக்கணக்கு. கரு ஒட்டும் சமயத்தில் சிலருக்கு இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஓரிரு நாள் திட்டுத் திட்டாகப் படும். வழக்கமான ஓட்டம் இல்லையென்றால் கிட் வைத்துப் பார்ப்பதே சரி. பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிலக்கு தாறுமாறாக வருபவர்கள் “எனக்கு எப்பவும் இப்படித்தான்” என்று மூன்று மாதம் விட்டுவிடுவதும், பால் கொடுக்கும் தாய் ‘இன்னும் தலைக்குக் குளிக்கவே இல்லையே’ என்று நிம்மதியாக இருப்பதும் இதே வகை. பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்கு வருமுன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது, நாள் தள்ளியதும் மெடிக்கலில் “வர வைக்கிற மாத்திரை” கேட்பதில்தான். அப்படித் தரப்படுவது கருக்கலைப்பு மாத்திரையாகவே இருக்கலாம். கரு எங்கே இருக்கிறது, எத்தனை வாரம் என்று தெரியாமல் அதைப் போட்டால் கடும் ரத்தப்போக்கு வரை போகும்.

கரு எங்கே இருக்கிறது என்பது சும்மா சொன்னதல்ல. சிலருக்கு அது கருக்குழாயிலேயே தங்கிவிடும். அப்போதும் கிட் பாசிட்டிவ்தான் காட்டும். அதனால் கிட்டோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள், ஸ்கேன் எப்போது என்று அவர் சொல்வார். அதற்கு முன்பே அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, ரத்தம் பட்டாலோ, தோள்பட்டை வலியோடு தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, வாயுப்பிடிப்பு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.