மெதுவான பியானோ பாட்டும் அதற்கு ஒரு வீடியோவும்: நாங்கள் செய்த விதம்

பினாங்கில், கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். என் அப்பா பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் ஓடிய பழைய ஃபெர்ரியில் கயிறு கட்டும் வேலை பார்த்தவர். அவரைப் பற்றித் தங்கை ஒரு பாட்டு எழுதினாள். பியானோவும் ஒரு குரலும் மட்டும்தான். அதைப் பதிவு செய்து, போனில் வீடியோவும் எடுத்தோம். அப்போது கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பாருங்கள், பியானோவை அப்புறம் திறக்கலாம். மெதுவான பாட்டில் ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஓர் எழுத்து நீண்டு நிற்கும். அது குறிலாக இருந்தால் தமிழில் சொல்லே மாறிவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கேதான் கைகொடுக்கிறது. தங்கை முதல் வரியில் ‘மலை’ என்று வைத்து, ‘ம’வை நாலு அடிக்கு இழுத்தாள். அடுப்படியிலிருந்து அம்மா, “மாலையா, மலையா?” என்று கேட்டார். மனம் என்றால் மானமாகும், படம் என்றால் பாடமாகும். அன்றிரவே வரியை மாற்றினோம். நீளும் இடத்தில் ‘கடலோரம்’ வந்தது. ‘லோ’வை எத்தனை நொடி பிடித்தாலும் அது கடலோரம்தான்.

வரியின் கடைசி எழுத்திலும் கவனம் வேண்டும். ‘விளக்கு’, ‘காற்று’ போன்ற சொற்களில் கடைசியில் வருவது குற்றியலுகரம், அரை மாத்திரைதான். அதை இழுத்தால் ‘விளக்கூ’ என்று காதில் உறுத்தும். ம், ன் போன்ற எழுத்தில் முடித்தால் வாயை மூடி ஒலியை மெல்லக் கரைக்கலாம். ஒரு வரிக்கு இப்படி மூன்று நாள் ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ட்ரம், கிடார் எதுவும் இல்லாத பாட்டில் சொல் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

சரி, சுருதி. பாட்டிலேயே உயரமான இடத்தை முதலில் பாடிப் பார்த்துக் கட்டையை, அதாவது சுருதி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை, முடிவு செய்யுங்கள். ஐந்து கட்டையில் தொடங்கினோம், சரணத்தில் தங்கையின் குரல் கீச்சென்றது. மூன்றுக்கு இறக்கியதும் பேசுவது போலப் பாடினாள்.

கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், நாலு போதும். பழகுவதற்கு ஒரு கட்டையில், அதாவது சியில், சொல்கிறேன்: சி மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர். ஜி வரும்போது இடது கையில் ஜியை வாசிக்காமல் பியை வாசியுங்கள். சி, பி, ஏ என்று அடி சுரம் படிப்படியாக இறங்கும். ஒருவர் படியிறங்கிப் போவது போல இருக்கும். 2011இல் வீடியோவாக வந்த, ஆங்கிலப் பாடகி அடெலின் ‘சம்ஒன் லைக் யூ’ பாட்டில் இதே இறக்கம் ஆறு கட்டையில் வருகிறது. அதிலும் பியானோவும் குரலும்தான். வலது கை கார்டை உடைத்து உடைத்து வாசிக்கிறது. வீடியோ கறுப்பு வெள்ளை. பாரிஸில் அவர் தனியாக நடப்பதுதான் அதில் பெரும்பகுதி. ஒரு பாட்டுக்கு எவ்வளவு குறைவாகக் காட்டினால் போதும் என்பதை அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஒலியை நீட்டும் பெடலைக் கார்டோடு சேர்த்து மிதிக்காதீர்கள். புதுக் கார்டு விழும்போது காலை எடுத்து, விழுந்த உடனே மிதியுங்கள். என் மாணவர்களில் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

பதிவின்போது காற்றாடியை நிறுத்துங்கள். கீபோர்டிலிருந்து வயர் வழியாக நேரே பதிந்தால் பியானோவில் தெரு இரைச்சல் வராது. குரலை மட்டும் தனியாக, துணி அடுக்கிய அலமாரியைப் பார்த்து நின்று பாடுங்கள்.

வீடியோவுக்கு ஒரு மண்டபத்தில் மரப் பியானோ கிடைத்தது. நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே இருக்கும் பலகை உப்பி, சுருதி விலகிக் கிடந்தது. படத்துக்கு அதை வைத்துக்கொண்டோம், ஒலி வீட்டில் பதிந்ததுதான். அங்கே ஒரு சிக்கல் வந்தது. குழல் விளக்கின் கீழே எடுத்ததில் கறுப்புக் கோடுகள் ஓடின. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் போனில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒரு பிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம்) ஐம்பதில் ஒரு நொடி என்று வைத்தால் கோடு போய்விடும்.

வெளியே எடுப்பதற்குக் காலைதான். பினாங்கில் வருடம் முழுவதும் ஏழு, ஏழரை மணிவாக்கில் சூரியன் வந்துவிடும். அது வருவது பட்டர்வொர்த் பக்கம். ஜார்ஜ் டவுன் கடலோரச் சாலையான பெங்காலான் வெல்ட்டில் கடலைப் பார்த்து நின்றால் வெளிச்சம் நேரே முகத்தில் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், முகம் மங்கிப்போகும். கடைத்தெருவில் எடுப்பதானால் கடைகள் பாட்டுப் போடுவதற்கு முன்பே போய்விடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாட்டு உங்களுக்கே கேட்காது.

அலை மெதுவாக அசைய, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நொடிக்கு 60 பிரேமில் எடுங்கள். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதே வேகத்தில் வாயசைக்கச் சொல்லுங்கள். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்தால் உதடு பாட்டோடு சேரும், தலைமுடியும் கடலும் மிதக்கும். பாட்டுக்கு முன்னால் நாலு ‘டிக்’ சேர்த்து, நாலாவதில் கை தட்டச் சொன்னால் எடிட் செய்யும்போது பொருத்துவது எளிது.

இந்தக் காட்சியை 2023இல் வந்த புது ஃபெர்ரிகளில்தான் எடுத்தோம். மற்றப் பயணிகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தங்கை ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொண்டாள்.

வெட்டும்போது தாளத்துக்கு வெட்டாதீர்கள். வரி முடிந்து, பாடுபவர் மூச்சு எடுத்த பிறகு வெட்டுங்கள். கடைசிக் கார்டில் பெடலை விடாமல், ஒலி தானாக அடங்கும்வரை படத்தை ஓடவிடுங்கள். எங்கள் பாட்டில் அது எட்டு நொடி. அந்த எட்டு நொடிக்கும் திரையில் இருப்பது படகுத்துறைக் கம்பத்தில் சுற்றிய ஒரு கயிறு.