இறகில்லா அம்பை எய்து ரீகர்வ் வில்லைச் சீராக்குவது எப்படி?

எய்த அம்பின் வால் இடமும் வலமுமாக ஆடுகிறதா, மேலும் கீழுமாகத் துள்ளுகிறதா? புதிதாக வில் பிடிப்பவர்கள் உடனே தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். பல நேரம் கையில் குறை இருக்காது; அந்த அம்பு அந்த வில்லுக்குப் பொருந்தியிருக்காது. அந்தப் பொருத்தமின்மையை இறகு மூடி மறைத்துவிடும். அதனால்தான் இறகே ஒட்டாத அம்பை, அதாவது பேர் ஷாஃப்ட்டை, எய்து பார்க்கச் சொல்கிறேன்.

குறிபார்க்க உதவும் சைட், அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தானான பிளஞ்சர் எதுவும் இல்லாமல், பிடிக்கு மேலுள்ள சிறு தட்டான ஷெல்ஃப் மேலேயே அம்பை வைத்து எய்யும் மர ரீகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில்லுக்கான முறை இது. வலக்கையால் நாண் இழுப்பவருக்காக எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்பைன்

நாணை விட்டதும் பின்னாலிருந்து வரும் விசையில் அம்பு வளையும். நெளிந்தபடியேதான் வில்லின் நடுப்பகுதியான ரைசரைக் கடந்து போகும். 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் இதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார். வளைவு அளவாக இருந்தால் அம்பு ரைசரில் உரசாமல் விலகிப் போகும். கூடினாலும் குறைந்தாலும் திசை மாறும்.

தண்டின் விறைப்பைத்தான் ஸ்பைன் என்கிறோம். கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம் தொய்ந்தால் அதன் ஸ்பைன் 500. எண் பெரிதாகப் பெரிதாகத் தண்டு துவளும். ஆனால் எய்யும்போது இந்த எண் மட்டும் போதாது. தண்டு நீளமாக இருந்தாலும், முனை கனமாக இருந்தாலும், வில்லின் இழுவிசை கூடினாலும் அதே தண்டு இன்னும் துவண்டு நடந்துகொள்ளும்.

தயார் செய்வது

ஒரே தண்டு, ஒரே நீளம், ஒரே முனை எடையில் இறகுள்ள அம்பு மூன்று, இறகில்லாதது இரண்டு வேண்டும். இறகில்லாத அம்பின் வால் பக்கம், இறகின் எடைக்குச் சமமாக டேப் சுற்றுங்கள். ஷெல்ஃபில் வைத்து எய்ய இயற்கை இறகுதான் சரி. உரசினால் அது மடங்கிக் கொடுக்கும், வேன் எனும் பிளாஸ்டிக் இறகு மடங்காமல் அம்பைத் தள்ளிவிடும்.

அம்பின் வால் நுனியில் நாணைக் கவ்வும் பிளவுதான் நாக். அது நாணில் தானாக நிற்க வேண்டும். நாணை விரலால் லேசாகத் தட்டினால் கழன்று விழ வேண்டும். இறுக்கமான நாக் எல்லா முடிவுகளையும் கெடுத்துவிடும்.

உங்கள் இழுப்பு நீளத்தை நண்பர் ஒருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். வளையும் கையான லிம்பில் 40 பவுண்டு, 28 அங்குலம் என்று எழுதியிருந்தால் 28 அங்குலம் இழுத்தால்தான் 40 பவுண்டு. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 பவுண்டு போய்விடும். இழுப்பு தினமும் மாறுகிறவர்கள் இந்த வேலையைச் சில வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

படி 1: பிரேஸ் ஹைட்

பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம் இது. வில் செய்தவர் சொன்ன அளவில் தொடங்குங்கள். 62 அங்குல வில்லுக்குப் பெரும்பாலும் ஏழரை முதல் எட்டு அங்குலம் இருக்கும். நாணைக் கழற்றி முறுக்கைக் கூட்டினால் தூரம் கூடும், பிரித்தால் குறையும். சில முறுக்குகளாக மாற்றி எய்து, சத்தமும் அதிர்வும் மிகக் குறைவாக உள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

படி 2: மேல் கீழ்

ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக வரும் கோட்டுக்கு மேல் 16 மில்லிமீட்டரில், நாக் அமரும் இடத்தைக் காட்டும் முடிச்சான நாக்கிங் பாயின்ட்டைக் கட்டுங்கள். அம்பின் நாக் அதற்குக் கீழே அமரும். வேண்டுமென்றே சற்று உயரத்தில் தொடங்கச் சொல்கிறேன். மிகத் தாழ்வாகக் கட்டினால் அம்பின் வால் ஷெல்ஃபில் இடித்து மேலே துள்ளும். பார்ப்பவருக்கு அது உயரமாகக் கட்டியது போலவே தெரியும்.

10 மீட்டரிலிருந்து ஐந்து அம்பையும் எய்யுங்கள். இறகில்லாதவை இறகுள்ளவற்றுக்குக் கீழே குத்தினால் நாக்கிங் பாயின்ட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். மேலே குத்தினால் ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் போதும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர்கள், அம்பு சரியாமலிருக்க நாக்குக்கு அடியிலும் ஒரு முடிச்சுப் போட வேண்டும்.

படி 3: இடம் வலம்

மேல் கீழ் சமமான பிறகுதான் இதற்கு வர வேண்டும். இறகில்லாதவை இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் துவளல்.

விறைப்பு என்றால் முனை எடையை 25 கிரெய்ன் (சுமார் 1.6 கிராம்) கூட்டிப் பாருங்கள். துவளல் என்றால் முனை எடையைக் குறையுங்கள். அது போதாவிட்டால் தண்டைக் கால் அங்குலம் வெட்டலாம். வெட்டுவது எப்போதும் கடைசி வழிதான், வெட்டியதை ஒட்ட முடியாது. ஆகவே தண்டை முழு நீளத்தில் வாங்கி, வெவ்வேறு எடையில் சில முனைகளையும் கையில் வைத்திருங்கள். சிறு வித்தியாசம்தான் என்றால் ரைசரில் அம்பு சாயும் பக்கத்தில் ஒட்டியுள்ள தோலைத் தடிப்பாக்கலாம். அம்பு சற்று விறைப்பாக நடந்துகொள்ளும். மெல்லியதாக்கினால் நேர்மாறு.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒற்றை அம்பை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நாணை விடும்போது விரல் இழுபட்டாலே ஓர் அம்பு தடம் மாறும். இலக்கில் அம்பு சாய்ந்து நிற்கும் கோணத்தையும் நம்பாதீர்கள், வைக்கோலோ ஃபோமோ அதைத் திருப்பியிருக்கலாம். குத்திய இடத்தை மட்டும் பாருங்கள்.

சாய்வாகக் குத்தும் இறகில்லா அம்பு எளிதில் விரிசல் விடும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கார்பன் தண்டை லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் ஓசை வந்தால் அதை மறுபடி எய்யவே கூடாது.

10 மீட்டரில் இரண்டு வகையும் ஒன்றாக விழுந்தால் 15, பிறகு 20 மீட்டருக்குப் போங்கள். 20 மீட்டரில் இறகில்லாதவை மற்றவற்றோடு சேர்ந்தே குத்தினால் வேலை முடிந்தது. நாக்கிங் பாயின்ட் முடிச்சில் ஒரு சொட்டுப் பசை விட்டு, பிரேஸ் ஹைட் அளவைக் குறித்து வையுங்கள். புது நாண் மாட்டினால் அது சில நாளில் நீளும். அப்போது படி 1-இலிருந்து மறுபடி சரிபாருங்கள்.