கரண்ட் போய் வந்தாலும் அறுந்து போகாத விபிஎன்

மாமாவுக்கு வேலூர் லாங்கு பஜாரில் லுங்கி மொத்த வியாபாரம், தறிக்கூடம் குடியாத்தத்தில். கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் டேலி கணக்கு மென்பொருளைத் தறிக்கூடத்திலிருந்தே திறக்க வேண்டும், ஆனால் ஸ்டாட்டிக் ஐபிக்கு (மாறாத இணைய முகவரிக்கு) தனியாகக் காசு கொடுக்க மாட்டேன் என்றார். சரி, இரண்டு பக்கமும் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டர், நடுவில் வயர்கார்டு: இரண்டு இடத்து நெட்வொர்க்கையும் இணையத்தின் வழியே ஒரு பூட்டிய குழாய்போல இணைக்கும் விபிஎன். ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் முறையிலும் செய்யலாம்தான், எந்த செட்டிங் ஒத்துப்போகவில்லை என்று லாக்கில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

முதலில் இரண்டு ரவுட்டரிலும் வான் முகவரியை, அதாவது இணைய நிறுவனத்தின் பக்கம் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. குடியாத்தம் அப்படித்தான். வேலூரில் முகவரி மாறினாலும் அது பொது முகவரி. ஆகவே வேலூர் காத்திருக்கும், குடியாத்தம் கூப்பிடும்.

இரண்டு இடத்திலும் உள் நெட்வொர்க் 192.168.1.0/24 என்று ஒரே மாதிரி இருந்தால் ஒன்றும் நடக்காது. வேலூரை 192.168.10.0/24 என்றும் குடியாத்தத்தை 192.168.20.0/24 என்றும் மாற்றினேன். (அன்றைக்கு பில் பிரிண்டர் காணாமல் போகும். அதில் யாரோ பழைய முகவரியைக் கையால் போட்டிருப்பார்கள்.)

வேலூருக்கு ஒரு டிடிஎன்எஸ் பெயர் (முகவரி மாறினாலும் புது முகவரியைக் காட்டும் பெயர்) வாங்குங்கள்; டக்டிஎன்எஸ் இலவசம். வேலூர் ரவுட்டரின் ஃபயர்வாலில் யுடிபி போர்ட் 51820-ஐத் திறந்துவிடுங்கள். இரு பக்கமும் பப்ளிக் கீயைப் பரிமாறிக்கொண்டு, அலவ்டு ஐபிஸில் எதிர்ப்பக்க நெட்வொர்க்கை எழுதி, 'ரூட் அலவ்டு ஐபிஸ்' டிக் செய்யுங்கள். வயர்கார்டு இன்டர்ஃபேஸை லேன் ஃபயர்வால் ஜோனில் சேருங்கள். குடியாத்தத்தில் எண்ட்பாயிண்ட் (கூப்பிட வேண்டிய முகவரி) அந்த டிடிஎன்எஸ் பெயர், கீப்அலைவ் 25 (இணைப்பு அறாமல் இருக்க 25 விநாடிக்கு ஒரு முறை ஒரு பாக்கெட் அனுப்பும்).

நான்கு நாள் ஜோராக ஓடியது. ஐந்தாம் நாள் வேலூரில் கரண்ட் போய் வந்தது. “மாப்ளே, டேலி திறக்கல” என்று தறிக்கூடத்திலிருந்து மாமா. குடியாத்தம் ரவுட்டரில் நுழைந்து டிடிஎன்எஸ் பெயருக்கு பிங் கொடுத்தேன். புது முகவரி சரியாக வந்தது. 'டபிள்யூஜி ஷோ' கொடுத்தால் எண்ட்பாயிண்டில் இன்னும் பழைய முகவரி, கடைசி ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் கீயைச் சரிபார்த்துக்கொள்வது) 3 மணி நேரத்துக்கு முன். அரை நாள் ஃபயர்வாலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: இன்டர்ஃபேஸ் எழும்போது ஒரே ஒரு முறைதான் பெயரைக் கேட்டு முகவரி வாங்கப்படுகிறது, அப்புறம் வயர்கார்டு அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுவதால் காரணம் கண்ணில் படுவதில்லை. குடியாத்தத்தின் முகவரி மாறினால் தொல்லையில்லை. அது அனுப்பும் அடுத்த பாக்கெட்டிலேயே வேலூர் தெரிந்துகொள்ளும்.

இதற்கு மருந்து ஓப்பன்டபிள்யூஆர்டியிலேயே இருக்கிறது: 'வயர்கார்டு வாட்ச்டாக்' என்ற ஸ்கிரிப்ட், வயர்கார்டு கருவிகளோடு கூடவே வரும். குடியாத்தம் ரவுட்டரின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிடுங்கள். ஹேண்ட்ஷேக் நடந்து 150 விநாடி தாண்டியிருந்தால் பெயரை மறுபடி கேட்டு எண்ட்பாயிண்டை மாற்றிவிடும். கீப்அலைவ் போடாத பியரை (எதிர்ப்பக்க இணைப்பை) அது தொடாது.

பின்சேர்க்கை: ஆம்பூர்க்காரர் ஒருவர் எல்லாம் செய்தும் ஓடவில்லை என்றார். கிரானில் வரி எழுதியிருந்தார், கிரானை ரீஸ்டார்ட் செய்யவில்லை. போதாததற்கு அவருடைய ரவுட்டர் ஓஎன்டிக்கு (ஃபைபர் இணைப்புப் பெட்டிக்கு)ப் பின்னால் இருந்ததால், டிடிஎன்எஸ்ஸில் 192.168 முகவரி பதிவாகிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் டிடிஎன்எஸ் செட்டிங்கில் முகவரியை இன்டர்ஃபேஸிலிருந்து எடுக்காமல் யுஆர்எல் வழியாக எடுக்கச் சொல்லுங்கள். ஓஎன்டியிலும் 51820-ஐ உங்கள் ரவுட்டருக்குத் திருப்பிவிடுங்கள்.