ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றுவதற்கு முன்: வீட்டில் திருத்துபவர்கள் விடும் பிழைகள்

கிழக்கிலங்கையின் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வீடுகளில், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் கொண்டுவந்த ஹைஃபை செற்றுகள் இன்னமும் இருக்கின்றன. ஒலியைப் பெருக்கித் தரும் அம்ப் நின்றுபோனாலும் ஸ்பீக்கர் பெட்டிகளை யாரும் வீசுவதில்லை. வீசவும் கூடாது. அந்தக் காலத்து நல்ல பெட்டியின் காந்தமும் மரவேலையும் இன்று மலிவு விலைக்குக் கிடைக்காது. கவலை என்னவென்றால், இப்படியான பெட்டிகளில் பல பழுதால் சாவதில்லை, அவசரத் திருத்தத்தால் சாகின்றன. பழுது எங்கே என்று பிடிக்குமுன் ஸ்குறூட்றைவரைக் கையில் எடுப்பதுதான் முதல் பிழை. மற்றப் பிழைகள் பெரும்பாலும் அதன் பின்னால்தான் வருகின்றன.

ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்றால் குற்றவாளி ஸ்பீக்கர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அம்பை நிறுத்திவிட்டு, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொழுவுங்கள். முன்பு ஊமையாக இருந்த அதே பெட்டி இப்போதும் ஊமை என்றால் கோளாறு அந்தப் பெட்டியில் அல்லது அதன் வயரில். ஊமை மற்றப் பெட்டிக்குத் தாவிவிட்டால் பெட்டிகள் இரண்டும் நல்லவை. அம்பையோ பாட்டு வரும் கருவியையோ பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல், பாஸ் என்ற அடிச்சத்தத்தைத் தரும் பெரிய ஸ்பீக்கரான நல்ல வூஃபரைக் கழற்றி, அதன் கூம்பான கோனில் ஓட்டை போட்டுவிட்டு வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

வயரையும் இலேசாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் நமது கரையில் உப்புக்காற்றுக்குத் தப்பும் செம்பு இல்லை. பெட்டியின் பின்னால் உள்ள கிளிப்பில் இருந்து வயரை இழுத்துப் பாருங்கள். நுனி பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். சுரண்டித் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுவது போதாது, ஏனென்றால் அந்தக் கறுப்பு பிளாஸ்ரிக் உறைக்குள்ளும் ஏறியிருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று வெட்டிக்கொண்டே போக வேண்டும். கிளிப்பின் அழுக்கை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைக்கலாம். விட்டுவிட்டு வரும் சத்தத்துக்கு இதுவே மருந்தாக இருப்பது அதிகம்.

அடுத்தது மின்தடை அளக்கும் மல்ற்றிமீற்றர். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீற்றரில் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும்; 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை. மீற்றர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை மட்டும், பெட்டியில் எழுதியிருப்பது பாட்டு ஓடும்போது உள்ள மொத்தத் தடையான இம்பீடன்ஸ். அதனால் 6 காட்டுகிறதே, கொயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) எரியப் பார்க்கிறது என்று பயப்படத் தேவையில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால்தான் கொயிலோ அதற்குப் போகும் மெல்லிய பின்னல் வயரோ அறுந்திருக்கிறது.

இதைவிட ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. பெட்டியின் வெளி முனையில் மீற்றரை வைத்து, 6 ஓம் வருகிறது, எல்லாம் சரி என்பார்கள். கீச்சுச் சத்தம் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீற்றருக்கு முன்னால் ஒரு கப்பாசிற்றர் தொடராக நிற்கிறது, அது நேர்மின்னோட்டத்தை விடாது. ஆகவே வெளியில் இருந்து நீங்கள் அளந்தது வூஃபரை மட்டுமே. ட்வீற்றர் செத்துப் போயிருந்தாலும் அந்த 6 மாறாது. அதை அளப்பதென்றால் அதன் ஒரு வயரையாவது கழற்றித் தனியாக அளக்க வேண்டும்.

1.5 வோல்ற் பற்றறியை வூஃபரின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்ப்பது நல்ல சோதனைதான். கோன் அசையும், டக் என்று சத்தம் வரும். ஆனால் ட்வீற்றரின் மயிரிழைக் கொயிலுக்கு அதைச் செய்யாதீர்கள். 9 வோல்ற் பற்றறியை எதற்குமே வேண்டாம்.

இப்போது ஃபோமுக்கு வருகிறேன், இங்கேதான் மனம் நோகிறது. கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் மென்மையான வளையம் பல பெட்டிகளில் பொலியூரதேன் ஃபோமால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். பாடாமல் மூலையில் சும்மா இருந்தாலும் பத்து, இருபது வருடத்தில் பிசுபிசுத்து, விரல் பட்டால் கரியைப் போல உதிரும். பாஸ் வரும்போது கரகரப்பதும் அடிபடுவதும் அதன் அடையாளம். முன்துணியைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். ரப்பர் வளையமும் துணி வளையமும் இந்த விஷயத்தில் பிழைத்துக்கொள்கின்றன.

கிழிந்த ஃபோமுக்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியங்கள் செலோரேப், சிலிக்கன், வெட்டிய சைக்கிள் ரியூப், சுப்பர் குளூ. எல்லாமே கெடுதல். அந்த வளையம் எவ்வளவு இலகுவாக அசைகிறது என்பதில்தான் பாஸ் இருக்கிறது. கனமான, விறைப்பான ஒன்றை ஒட்டினால் பாஸ் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கோன் சரிந்து, கொயில் காந்தத்தின் இடைவெளிச் சுவரில் உரசத் தொடங்கும். அதன் பிறகு கொயிலும் போய்விடும்.

செய்ய வேண்டியது முழு வளையத்தையும் மாற்றுவது. புதிய வளையம் வாங்க வூஃபர் எட்டு இஞ்சி என்று சொன்னால் போதாது. கோனின் வெளி விட்டம், வளையத்தின் மடிப்புத் தொடங்கும், முடியும் விட்டங்கள், சட்டத்தின் விட்டம் நான்கையும் அளந்துகொண்டு போங்கள். பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். இந்த வேலையின் பெரும் பங்கு அதுதான். வெள்ளைப் பசையால் முதலில் கோன் பக்கத்தை ஒட்டி, காய்ந்த பின் சட்டப் பக்கத்தை ஒட்டுங்கள். பசை இறுகுமுன் நடுமூடியைச் சுற்றி இரண்டு கை விரல்களாலும் சமமாக மெதுவாக அழுத்தி, காது கொடுங்கள். உரசல் கேட்டால், அது நிற்கும்வரை கோனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். போனில் இருந்து 20, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிய சத்தத்தில் அம்ப் வழியாக விட்டால் கோன் தானாக நடுவுக்கு வர உதவும். ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். மார்கழி மழைக்குள் செய்தால் இரண்டு நாள், ஈரத்தில் இந்தப் பசை மெதுவாகத்தான் காயும்.

கப்பாசிற்றரில் நடக்கும் பிழை விலையில் சிறியது, விளைவில் பெரியது. ஸ்பீக்கருக்குள் போவது முனைவு இல்லாத, அதாவது கூட்டல், கழித்தல் பக்கம் என்று இல்லாத வகை. ரேடியோ திருத்தும் கடையில் கிடைக்கும் சாதாரண எலெக்ட்ரோலிற்றிக் ஒன்றைப் போடக் கூடாது. சரியானது கிடைக்காவிட்டால் 10 மைக்ரோஃபரட் சாதாரண வகை இரண்டை, கழித்தல் முனைகளைச் சேர்த்துத் தொடராக இணைத்தால் 5 மைக்ரோஃபரட் முனைவற்றதாக வேலை செய்யும், 4.7 இருந்த இடத்துக்கு அது போதும். அளவைக் கூட்டினால் சத்தம் கூடும் என்பது தப்புக் கணக்கு. 8 ஓம் ட்வீற்றருக்கு 4.7 மைக்ரோஃபரட் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்து அனுப்புகிறது. அங்கே 10 போட்டால் அந்த எல்லை 2,000க்கு இறங்கும். தாங்க முடியாத பாரம் ஏறி ட்வீற்றர் எரியும்.

எரிந்த ட்வீற்றரை மாற்றுபவர்கள் ஏன் எரிந்தது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் சிறிய அம்பை முழுச் சத்தத்தில் திருகியதுதான். ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு உயர் சுரங்கள் கூடி, அவை ட்வீற்றருக்குள் இறங்குகின்றன. பழக்கம் மாறாவிட்டால் புதியதும் போகும்.

பெட்டியில் காற்றுப் போகும் பாஸ் ஓட்டையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நனைந்த பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், மரத்தூள் பலகையான சிப்போர்ட் வெடிப்பு விடும். நிழலில் உலர விடுங்கள். பிளக் உள்ள ஸ்பீக்கர் என்றால் உள்ளே 230 வோல்ற் இருக்கிறது, கழற்றிய பின்பும் அதன் பெரிய கப்பாசிற்றர்கள் மின்னை வைத்திருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து, ஒரு மனிதக் குரலை மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக) போடுங்கள். குரல் நடுவில் நில்லாமல் பரவி, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு பெட்டியின் சிவப்பு, கறுப்பு மாறியிருக்கிறது. அம்பை நிறுத்தி, ஒரு பக்கத்து வயரை மட்டும் புரட்டிக் கொழுவுங்கள்.