ஏழு வருஷம் கழித்து ஒரு டோர்ட்டியா: சுண்ணாம்பிலிருந்து தொடங்குவோம்

மெக்சிகோவில் என் கணவரின் ஊரான குவாதலஹாராவுக்குத் திரும்பி வந்த முதல் வாரம் என் மாமியார் எனக்கு டாக்கோ (டோர்ட்டியா ரொட்டியில் கறி, காய் வைத்து மடித்தது) வாங்கித் தரவே இல்லை. விமானத்தில் வரும்போதே நான் பட்டியல் போட்டு வைத்திருந்தேன்: பிர்ரியா என்ற கறிக்குழம்பு, சாற்றில் முக்கிய டோர்ட்டா அஹோகாதா ரொட்டி, சான் ஹுவான் தே தியோஸ் சந்தையின் மாடியில் நின்றுகொண்டே சாப்பிடும் கடைகள். எதுவும் நடக்கவில்லை. அவர் தெருமுனையில் இருக்கும் டோர்ட்டியேரியாவில் வரிசையில் நின்று ஒரு கிலோ டோர்ட்டியா, அதாவது மக்காச்சோள ரொட்டி, வாங்கினார். அங்கேயே பொட்டலத்தைப் பிரித்து, ஆவி பறக்கும் மேல் டோர்ட்டியாவை எடுத்து, கல் உப்பு தூவி, பீடி சுருட்டுவதுபோல் சுருட்டி என் கையில் கொடுத்தார். "முதலில் இது, மிஹா." மிஹா என்றால் மகளே. கடைக்கு அம்மாவோடு வரும் குழந்தைகளுக்கு இங்கே இப்படித்தான் கொடுப்பார்கள். உப்பு டாக்கோ என்று பெயர்.

அதைக் கடித்த பிறகுதான் ஏழு வருஷமாக ஒஸ்லோவில் நான் செய்துகொண்டிருந்த தப்பு எனக்குப் புரிந்தது.

நார்வேயில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் பல வீடுகளில் டாக்கோதான். மைதா டோர்ட்டியா, அரைத்த மாட்டிறைச்சி, டப்பா மக்காச்சோளம், வெள்ளரிக்காய், பாட்டில் சால்சா (மெக்சிகோ சட்னி). அதை நான் கேலி செய்யவில்லை. குழந்தைகளுக்குப் பிடித்த சாப்பாடு, அவர்கள் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. என் பிரச்சினை வேறு. அதை "சரிசெய்ய" நான் உள்ளே வைப்பதை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தேன். காய்ந்த மிளகாயைத் தபாலில் வரவழைத்தேன், இறைச்சியை நாலு மணி நேரம் வேகவைத்தேன், வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன். எல்லாவற்றையும் கடைசியில் மைதாவில் சுருட்டினேன். (மைதா டோர்ட்டியா மட்டம் என்று சொல்லவரவில்லை. மெக்சிகோவின் வடக்கே சொனோராவில் அதற்கென்று தனிப் பெருமை உண்டு. ஆனால் நான் தேடிய ருசி அது இல்லை.)

நான் தேடியது ஒரு வாசனை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் தண்ணீர் பட்டால் வருமே, அதோடு வறுத்த மக்காச்சோளம் சேர்ந்த மாதிரி. அது வருவதே சுண்ணாம்பிலிருந்துதான். கொடுமை என்னவென்றால், ஒஸ்லோவில் நான் மாதாமாதம் போன தமிழ்க் கடையில், வெற்றிலைக் கட்டுக்குப் பக்கத்திலேயே சின்ன டப்பாவில் சுண்ணாம்பு இருந்தது.

அதனால் இந்தச் செய்முறையில் டோர்ட்டியாதான் முக்கால்வாசி. சால்சாவும் பீன்ஸும் பின்னால் வரும். எந்த ஊரில் இருந்தாலும் செய்யலாம்.

சோளமும் சுண்ணாம்பும்

வேண்டியவை மூன்றுதான்: காய்ந்த மக்காச்சோளம் அரை கிலோ, சமையலுக்கான சுண்ணாம்புத் தூள் 5 கிராம் (தலைதட்டி இரண்டு டீஸ்பூன்), தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

வேகவைத்துத் தின்னும் ஸ்வீட் கார்ன் ஆகாது. பாப்கார்னும் வேண்டாம், அது கல் மாதிரி. முற்றிக் காய்ந்த, மாவுச்சத்துள்ள சோளம் வேண்டும். வெள்ளையோ மஞ்சளோ நீலமோ, உங்கள் இஷ்டம். விதைக்கடையில் வாங்கிவிடாதீர்கள், விதைச் சோளத்தில் மருந்து பூசியிருப்பார்கள்.

சுண்ணாம்புக்கு ஸ்பானிஷில் "கால்" என்று பெயர். கணவரிடம் "கால் கிலோ கால் வாங்கி வாங்க" என்று நான் சொல்வதைக் கேட்டு என் அம்மா போனிலேயே சிரிப்பார். மெக்சிகோவில் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். வேறு ஊரில் கிடைக்காவிட்டால் வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும். நிறமோ வாசனையோ சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். குழைவாக இருப்பதில் தண்ணீர் கலந்திருக்கும் என்பதால் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும், நீர் ஊற்றினால் கொதிக்கும் சுட்ட சுண்ணாம்புக் கல்லும் கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

முதல் நாள் ராத்திரி: வேகவைத்து ஊறவைத்தல்

தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து அடுப்பில் ஏற்றுங்கள். கழுவிய சோளத்தைப் போடுங்கள். வெள்ளைச் சோளம்கூடச் சில நிமிஷத்தில் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள்.

எப்போது இறக்குவது? ஒரு மணியை எடுத்துக் கழுவி விரல் இடுக்கில் தேயுங்கள். மேல்தோல் வழவழவென்று கழன்று வர வேண்டும். பிறகு கடித்துப் பாருங்கள்: வெளியே மென்மை, நடுவில் வெள்ளையாக வேகாத புள்ளி. அந்தப் புள்ளி இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். முழுக்க வெந்தால் மாவு பசையாகிவிடும். நான் முதல் தடவை செய்தது களிதான்.

மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும்.

இப்படி ஊறிய சோளத்துக்கு நிஷ்தமால் என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் சாம்பலைக் குறிக்கும் சொல்லும் தமாலை (சோள மாவை இலையில் சுற்றி வேகவைப்பது) குறிக்கும் சொல்லும் சேர்ந்தது. சுண்ணாம்பு செய்யும் வேலை ருசியோடு நிற்பதில்லை. தோலைக் கழற்றுகிறது, மாவு ஒன்றோடொன்று பிடிக்கும்படி செய்கிறது, சோளத்தில் சிக்கியிருக்கும் நயாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. சோளம் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தச் சுண்ணாம்பு வேலை கூடப் போகவில்லை. சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் வந்தது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதை விவரித்து எழுதினார். சோளத்தையே மூன்று வேளையும் தின்ற மெக்சிகோக்காரர்களை அந்த நோய் அந்த அளவுக்குத் தீண்டவில்லை.

காலையில்: அலசி அரைத்தல்

ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, அரிசி களைவதுபோல் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். தோலைத் தேய்த்து எடுங்கள், ஆனால் எல்லாத் தோலையும் விடாப்பிடியாக எடுக்காதீர்கள். கொஞ்சம் ஒட்டியிருந்தால்தான் மாவுக்குப் பிடிப்பு.

மெக்சிகோவில் இதை மாவு மில்லுக்குக் கொண்டுபோனால் கல்லில் அரைத்துத் தருவார்கள். நம் வீட்டில் கிரைண்டர் இருக்கிறது. இட்லிக்கு விடுவதுபோல் தண்ணீர் விட்டுவிடாதீர்கள். கல் சுற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும், கை கையாகத் தெளித்து. அப்படியும் மாவு தளர்ந்துதான் வரும். தளர்ந்தால் கடையில் கிடைக்கும் மாசா ஹரினா என்ற உலர்ந்த மாவு இரண்டு மூன்று கைப்பிடி போட்டுப் பிசையுங்கள், சரியாகிவிடும். மிக்ஸியில் அரைத்தால் கொஞ்சம் நறநறவென்று இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைக்க வேண்டும்.

இத்தனை வேலைக்கு நேரமில்லையா? மாசா ஹரினா என்பது நிஷ்தமாலைக் காயவைத்து அரைத்த மாவுதான். இரண்டு கப் மாவு, ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, பிசைந்து மூடிக் கால் மணி நேரம் வைத்தால் மாவு தயார். மெக்சிகோவில் 1949இலிருந்து இதை ஆலையில் தயாரிக்கிறார்கள், இங்கேயே பல வீடுகளில் இதுதான். வாசனையில் அரைப்பங்கு குறையும், ஆனால் மைதாவைவிட ஆயிரம் மடங்கு கிட்டத்தில் இருக்கும். சாதாரண சோள மாவையும் கார்ன்ஃப்ளாரையும் வாங்கிவந்து என்னைத் திட்டாதீர்கள், அவற்றில் சுண்ணாம்பு இல்லை; பிசைந்தால் பிடிக்காது.

பதம் பார்ப்பது எப்படி: எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து உள்ளங்கையில் அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் அதிகம். காது மடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்தப் பதம்.

தட்டுதல், சுடுதல்

சப்பாத்திப் பழக்கத்தை இங்கே மறக்க வேண்டும். கோதுமையின் இழுவை இதில் கிடையாது. கட்டையால் தேய்த்தால் கிழியும். 30 கிராம் உருண்டையைக் கெட்டியான இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, பூரி பிரஸ்ஸில் அழுத்துங்கள். பிரஸ் இல்லையென்றால் கனமான பாத்திரத்தின் அடிப்பாகம் போதும். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தால் சரி. மேல் தாளை உரித்து, டோர்ட்டியாவைக் கையில் கவிழ்த்து, அடித்தாளை உரியுங்கள். தாளிலிருந்து டோர்ட்டியாவை உரிக்காதீர்கள், டோர்ட்டியாவிலிருந்து தாளை உரியுங்கள். இந்த ஒரு வரி எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவாமல் நன்றாகக் காயவிடுங்கள். இங்கே கொமால் என்பார்கள். மண்ணால் செய்த கொமாலில் ஒட்டாமலிருக்க அதன்மேலும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் பூசுவார்கள். டோர்ட்டியாவைப் போடுங்கள். பதினைந்து இருபது விநாடியில் ஓரம் கல்லை விட்டு லேசாக எழும், திருப்புங்கள். இரண்டாம் பக்கம் முக்கால் நிமிஷம் முதல் ஒரு நிமிஷம், பழுப்புப் புள்ளிகள் வரும்வரை. மறுபடி திருப்பி, நடுவில் விரலால் மெதுவாக ஒரு தட்டு. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மேல் ஏடு தனியாக உப்பி எழும்ப வேண்டும்.

உப்பாவிட்டால் பெரும்பாலும் கல் சூடு போதவில்லை, இல்லாவிட்டால் முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டிருப்பீர்கள். என்னுடையது பதினேழாவதுதான் உப்பியது. அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்த மாமியார் கை தட்டி, "இனி நீ கல்யாணம் செய்துகொள்ளலாம்" என்றார். டோர்ட்டியா உப்பினால் இங்கே அப்படிச் சொல்வது வழக்கம். அவர் பையனை நான் கட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது என்று நினைவுபடுத்தினேன். "அதெல்லாம் சோதனைக்காலம்" என்றார்.

சுட்டதைத் துணியில் சுற்றி ஒரு கூடையில் அடுக்குங்கள். பத்து நிமிஷம் தங்கள் ஆவியிலேயே புழுங்கினால்தான் மிருதுவாகும். ஆனால் முதல் டோர்ட்டியாவைத் துணிக்குள் போடாதீர்கள். உப்பு தூவிச் சுருட்டி, நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். அந்தச் சுண்ணாம்பு வாசனை வந்ததா என்று பாருங்கள்.

பச்சை சால்சா

இதற்கு டொமாட்டியோ வேண்டும்: காகித உறை மாதிரி தோல் மூடிய பச்சைக் காய், நம் பச்சைத் தக்காளி இல்லை. எட்டுக் காய், இரண்டு பச்சை மிளகாய், கால் வெங்காயம், தோலோடு ஒரு பல் பூண்டு. எல்லாவற்றையும் அதே காய்ந்த கல்லில் போட்டு, கருப்புப் புள்ளி விழுந்து மெத்தென்று ஆகும்வரை புரட்டிச் சுடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மிளகாய் நெடி எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

பிறகு பூண்டை உரித்து உப்போடு முதலில் நசுக்குங்கள், அப்புறம் மிளகாய், கடைசியில் டொமாட்டியோ. மூன்று கால் உள்ள எரிமலைக்கல் உரலில் அரைப்பது இங்குள்ள வழக்கம். நம் அம்மியோ சின்ன உரலோ அதே வேலையைச் செய்யும். மிக்ஸி என்றால் இரண்டே சுற்று. வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் பொடியாக நறுக்கி மேலே போடுங்கள். டொமாட்டியோ கிடைக்காத ஊரில் சிவப்புத் தக்காளியை இதே மாதிரி சுட்டு அரையுங்கள். அது வேறு சால்சா, ஆனால் நல்ல சால்சா. சர்க்கரை மட்டும் வேண்டாம். வெளிநாட்டில் ஓர் உணவகத்தில் எனக்கு வந்த சால்சா ஜாம் மாதிரி இருந்தது.

பீன்ஸ்

இதில் சொல்ல அதிகமில்லை. குவாதலஹாரா இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்தில் வெளிர் மஞ்சள் நிறப் பெருவானோ பீன்ஸ்தான் பிரபலம், கிடைக்காவிட்டால் ராஜ்மா. அரை வெங்காயம் போட்டுக் குக்கரில் குழைய வேகவிடுங்கள், உப்பு கடைசியில். எண்ணெயில் வெங்காயம் வதக்கி, வெந்த பீன்ஸைக் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு மத்தால் மசித்துச் சுருள வதக்கினால் ரெஃப்ரீதோஸ். கடைகளில் இதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுதான் வழக்கம். சைவக்காரர்கள் "மன்தேக்கா இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

டோர்ட்டியாவில் பீன்ஸ், சீஸ், சால்சா வைத்து மடித்துக் கல்லில் போட்டால் கேசடியா. குவாதலஹாராவில் இதற்கு மேல் கேள்வி கிடையாது. மெக்சிகோ சிட்டியில் மட்டும் "சீஸோடு" என்று தனியாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சீஸ் இல்லாத கேசடியா வரும். இதில் என் கணவர் குடும்பம் தலைநகரத்தை மன்னிப்பதாக இல்லை.

மிஞ்சினால்

அரை கிலோ சோளத்துக்கு முப்பது டோர்ட்டியா வரும். மறுநாள் விறைத்துப் போயிருக்கும். ஒவ்வொன்றிலும் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, காய்ந்த கல்லில் இரு பக்கமும் காட்டினால் மீண்டும் மிருதுவாகும். இரண்டு நாள் ஆகிவிட்டதென்றால் முக்கோணமாக வெட்டி, எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்து, மிச்சப் பச்சை சால்சாவைச் சூடாக்கி அதில் ஒரு நிமிஷம் புரட்டி, மேலே ஒரு முட்டை உடைத்துப் பொரித்து வையுங்கள். சிலாக்கீலெஸ். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் அதுதான், அதற்காகவே சனிக்கிழமை மாமியார் பத்து டோர்ட்டியா கூடுதலாகத் தட்டச் சொல்வார்.