ப்ராக்டிகல் பிஸ்டல் போட்டிக்கு முதன்முறை போகிறீர்களா? பாதுகாப்பு விதிகள், படிப்படியாக

ப்ராக்டிகல் பிஸ்டல் என்பது ஓடியும் நகர்ந்தும் கைத்துப்பாக்கியால் பல இலக்குகளைச் சுடும் போட்டி. இதில் நேரம் எண்ணப்படுவது பீப் சத்தம் கேட்டதிலிருந்து கடைசிக் குண்டு வெளியேறும் வரைக்கும்தான். அதற்கு முன்னும் பின்னும் கடிகாரமே கிடையாது. லோட் பண்ண நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டாலும் ஒரு பாயிண்ட் குறையாது. சுட்டு முடித்தபின் துப்பாக்கியைக் காலி செய்ய அரை நிமிடம் ஆனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் புதியவர்கள் தகுதி நீக்கம் ஆவதைக் கவனித்தால், அது பெரும்பாலும் இலக்கை நோக்கிச் சுடும்போது நடப்பதில்லை. லோட் பண்ணும்போது, ஓடும்போது, மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடு) மாற்றும்போது, காலி செய்யும்போதுதான் நடக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் சுடுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், சுடாத நேரத்தைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

இங்கே சொல்லும் விதிகள் ஐபிஎஸ்சி (இன்டர்நேஷனல் ப்ராக்டிகல் ஷூட்டிங் கான்ஃபெடரேஷன்) அமைப்பின் கைத்துப்பாக்கி விதிகளை ஒட்டியவை. 1976ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் தொடங்கிய அமைப்பு இது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். வேறு அமைப்பு நடத்தும் போட்டி என்றால் சில அளவுகள் மாறும். போகும் முன் அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். பாதுகாப்பு விதிகளைச் சொல்லும் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

மதிப்பெண் முறை தெரிந்தால் ஏன் எல்லோரும் அவசரப்படுகிறார்கள் என்பது புரியும். காகித இலக்கின் நடுப்பகுதியான ஏ மண்டலத்துக்கு 5 பாயிண்ட். குறைந்த சக்தியுள்ள தோட்டா என்றால் சி மண்டலத்துக்கு 3, டி மண்டலத்துக்கு 1. தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் 10 கழியும். மொத்தப் பாயிண்டை நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். வகுக்கும் எண் சிறிதானால் விடை பெரிதாகும், அதனால் கை கால் எல்லாம் வேகத்தையே தேடும். தகுதி நீக்கம் ஆனால் அந்தப் போட்டி மொத்தத்துக்கும் பூஜ்யம். முதல் போட்டியில் "பாதுகாப்பாக முடித்தேன்" என்பதைத் தவிர வேறு இலக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

1. வீட்டிலேயே செய்ய வேண்டியவை

துப்பாக்கி காலியாக, மேகசின் இல்லாமல், பெட்டியிலோ பையிலோ இருக்க வேண்டும். தோட்டாக்கள் தனியே இருக்கட்டும்.

துப்பாக்கியைச் செருகி வைக்கும் உறையான ஹோல்ஸ்டரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இடுப்பு பெல்ட்டில் ஆடாமல் நிற்க வேண்டும், ட்ரிகரை முழுவதும் மூட வேண்டும். தோளில் மாட்டும் ஹோல்ஸ்டருக்கும் தொடையில் கட்டும் வகைக்கும் அனுமதி இல்லை. மாட்டிக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, நாலு அடி ஓடிப் பாருங்கள். துப்பாக்கி விழுகிற மாதிரி இருந்தால் அந்த ஹோல்ஸ்டர் வேண்டாம்.

கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம், வேடிக்கை பார்க்க வருபவருக்கும்தான். எஃகு இலக்கில் பட்ட குண்டின் சிதறல் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் தோட்டா இல்லாமல் பயிற்சி செய்வது நல்ல பழக்கம். ஆனால் அந்த அறையில் ஒரு நிஜத் தோட்டாகூட இருக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திரும்ப எடுக்காதீர்கள். விபத்து நடப்பது அந்த ஒரு தடவையில்தான்.

2. ரேஞ்சில் இறங்கியதும்

போட்டி ரேஞ்சில் எல்லோருடைய துப்பாக்கியும் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். சுடுவதைக் கூடவே நின்று கண்காணிக்கும் நடுவரான ரேஞ்ச் ஆபீசர் சொன்னால் மட்டுமே லோட் பண்ணலாம். பெட்டியைத் திறந்து துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் வைப்பதற்குக்கூடத் தனி இடம் உண்டு, அதுதான் சேஃப்டி ஏரியா. கார் டிக்கியில் வைத்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒரு குண்டுகூடச் சுடாமல் வீடு திரும்ப வேண்டியதுதான்.

சேஃப்டி ஏரியாவில் காலித் துப்பாக்கியை எடுக்கலாம், துடைக்கலாம், ட்ரிகர் இழுத்துப் பார்க்கலாம். குழல் மட்டும் அங்கே உள்ள தடுப்பைப் பார்த்தே இருக்க வேண்டும். தோட்டாவை அங்கே தொடவே கூடாது. பயிற்சிக்கான டம்மி தோட்டாவும், தோட்டா நிரப்பிய மேகசினும் இதில் அடக்கம். பெல்ட்டில் நிரப்பிய மேகசின் இருந்தால் அது பையிலேயே இருக்கட்டும். துப்பாக்கி ஒரு இடம், தோட்டா வேறு இடம். இரண்டும் ஒன்றுசேர்வது ரேஞ்ச் ஆபீசர் கண் முன்னால் மட்டும்தான்.

ஸ்டேஜுக்கு (இலக்குகள் வைத்த ஒவ்வொரு சுடும் களத்துக்கும் அதுதான் பெயர்) வெளியே காலித் துப்பாக்கி தவறிக் கீழே விழுந்துவிட்டால் எடுக்காதீர்கள். அப்படியே நின்று ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். அவர் எடுத்துச் சரிபார்த்துத் திருப்பித் தந்தால் உங்கள் மேல் தவறு எதுவும் இல்லை. நீங்களே குனிந்து எடுத்தால் தகுதி நீக்கம். விழுகிற பொருளைச் சட்டென்று பிடிப்பது கையின் இயல்பு. அந்த நேரத்தில் விரல் போகிற இடம் ட்ரிகராக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த விதி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று தெரியும். ஸ்டேஜில் சுடும்போது கை நழுவி விழுந்தால் அப்போதே போட்டி முடிந்தது.

3. குழலும் விரலும்

உங்கள் வழியாக இடமிருந்து வலமாக, மண்மேட்டுக்கு (இலக்குகளுக்குப் பின்னால் குண்டுகளைத் தடுக்கும் மேடு) இணையாக ஒரு கோடு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நகர்ந்தால் கோடும் கூடவே நகரும். குழல்வாய் அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பவே கூடாது. மண்மேட்டின் நேர்த்திசையிலிருந்து இரண்டு பக்கமும் 90 டிகிரி, அவ்வளவுதான் அனுமதி. ஹோல்ஸ்டரிலிருந்து எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் மட்டும் குழல் உங்கள் காலடியைச் சுற்றி 1 மீட்டருக்குள் தரையைப் பார்க்கலாம்.

குழல் உங்கள் உடம்பின் குறுக்கேயும் போகக் கூடாது. கதவைத் திறக்கும்போது, கயிற்றை இழுக்கும்போது, சாமானை எடுக்கும்போது இடது கை தன்னையறியாமல் குழலுக்கு முன்னால் போய்விடும். கதவு உள்ள ஸ்டேஜ் என்றால் எந்தக் கையால் திறப்பது, அப்போது துப்பாக்கி எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

விரல் விஷயம் எளிது. இலக்கைப் பார்த்துச் சுடும்போது மட்டும் ட்ரிகரில் இருக்கட்டும். நகரும்போது, மேகசின் மாற்றும்போது, சிக்கலைச் சரிசெய்யும்போது, காலி செய்யும்போது விரல் நீட்டி, துப்பாக்கியின் உடற்பகுதியான ஃபிரேமின் பக்கவாட்டில், ரேஞ்ச் ஆபீசர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். குண்டு வெடிக்காவிட்டாலும் விரல் உள்ளே இருந்தாலே தகுதி நீக்கம்.

4. ஸ்டேஜை நடந்து பார்க்கும்போது

சுடுவதற்கு முன் ஸ்டேஜைச் சுற்றிப் பார்க்க நேரம் தருவார்கள். எல்லோரும் இலக்குகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: குழல் 90 டிகிரியை மீறும் ஆபத்து எங்கே? மேகசின் எங்கே மாற்றப் போகிறேன்?

வலது கைக்காரருக்கு இடது பக்கம் ஓடுவதுதான் பெரிய கண்ணி. ஏன் என்று கையில் துப்பாக்கி இல்லாமல் வெறுங்கையால் செய்து பாருங்கள். இடப்பக்கம் ஓட உடம்பு இடது பக்கம் திரும்புகிறது. நெஞ்சுக்கு முன்னால் நீட்டிய கையும் கூடவே இடது பக்கம் திரும்புகிறது, அதாவது ஏற்கெனவே எல்லைக் கோட்டில் நிற்கிறது. அந்த நிலையில் மேகசின் மாற்ற, மேகசின் நுழையும் துவாரம் இடது கைக்குத் தெரிகிற மாதிரி துப்பாக்கியைச் சாய்க்கிறோம். மணிக்கட்டு உள்பக்கம் மடங்குகிறது, குழல் இன்னும் ஒரு பத்து இருபது டிகிரி பின்னால் போகிறது. கதை முடிந்தது. இடது கைக்காரருக்கு வலப்பக்கம் ஓடும்போது இதே ஆபத்து.

புதியவர்களுக்கு நான் சொல்கிற வழி இதுதான்: நின்ற இடத்திலேயே மேகசினை மாற்றிவிட்டு அப்புறம் ஓடுங்கள். ஒரு நொடி போகும், போகட்டும். பழகியபின் ஓடும்போது மாற்றலாம். அப்போதும் மேலுடம்பு மண்மேட்டைப் பார்க்க, கால்கள் மட்டும் பக்கவாட்டில் ஓட வேண்டும். பின்னோக்கி வர வேண்டிய ஸ்டேஜிலும் துப்பாக்கி முன்னால் நீட்டியபடியே இருக்கட்டும். திரும்பி ஓடினால் துப்பாக்கியும் திரும்பிவிடும்.

எஃகு இலக்கு இருந்தால் தூரத்தைக் கவனியுங்கள். 7 மீட்டருக்கும் குறைவான தூரத்திலிருந்து அதைச் சுடுவதும் தகுதி நீக்கம்தான். தரையில் கோடு போட்டிருப்பார்கள். ஓடுகிற வேகத்தில் அதைத் தாண்டிவிடாதீர்கள்.

5. கட்டளைகள்

எந்த நாட்டில் சுட்டாலும் ஐபிஎஸ்சி போட்டியில் இதே ஆங்கிலச் சொற்கள்தான். காதுக்குப் பழகும்வரை வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

"லோட் அண்ட் மேக் ரெடி": மண்மேட்டைப் பார்த்து நின்று, நிதானமாக லோட் பண்ணுங்கள். இங்கே கடிகாரம் ஓடவில்லை.

"ஆர் யூ ரெடி?": தயாரில்லை என்றால் "நாட் ரெடி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் தயார் என்றே எடுத்துக்கொள்வார்கள். சொல்லத் தயங்காதீர்கள்.

"ஸ்டாண்ட் பை": இதற்குப்பின் 1 முதல் 4 நொடிக்குள் பீப் வரும்.

"ஸ்டாப்": எந்த நேரத்தில் கேட்டாலும் சுடுவதை நிறுத்து, நடப்பதை நிறுத்து, அடுத்த வார்த்தைக்குக் காத்திரு. ஏன் எதற்கு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

6. நடுவில் துப்பாக்கி மக்கர் பண்ணினால்

ரேஞ்ச் ஆபீசர் உங்கள் தோளுக்குப் பின்னால்தான் நிற்பார். துப்பாக்கி நின்றுபோனதும் "சார், என்ன ஆச்சுன்னு தெரியல" என்று அவரைப் பார்த்துத் திரும்பத் தோன்றும். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் துப்பாக்கியும் திரும்பும். பேச வேண்டுமானால் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள், அவருக்குக் கேட்கும். விரலை வெளியே எடுங்கள், மேகசினின் அடியைத் தட்டுங்கள், ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்துவிடுங்கள். சரியாகவில்லை என்றால் 2 நிமிடம்வரை முயற்சி செய்யலாம். அதற்கும் முடியாவிட்டால் குழலை மண்மேட்டை நோக்கி வைத்தபடி அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் இப்படித் தட்டி இழுத்துச் சுடக் கூடாது. வழக்கமான வெடிச் சத்தத்துக்குப் பதில் 'பொட்' என்று அமுங்கின சத்தம் வந்தால், உதை குறைவாக இருந்தால், ஸ்லைடு முழுசாக நகரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். தோட்டாவில் வெடிமருந்து இல்லாமலோ குறைவாகவோ இருந்தால், அதைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரின் விசை மட்டும் குண்டைக் கொஞ்ச தூரம் தள்ளிவிடும். குண்டு குழலுக்குள் மாட்டி நிற்கும். அதன் பின்னால் அடுத்த குண்டு போனால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்கள் இந்தச் சத்தத்தை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு ஸ்டேஜ் போனால் பரவாயில்லை, கை முக்கியம்.

7. காலி செய்வது

எல்லாவற்றையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். சுட்டு முடித்த பரபரப்பில் மனசு ஏற்கெனவே ஸ்கோரைக் கணக்குப் போட ஆரம்பித்திருக்கும், கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்யும்.

"இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ கிளியர்" என்றதும் முதலில் மேகசினை எடுங்கள். அப்புறம்தான் ஸ்லைடு. வரிசையை மாற்றி ஸ்லைடை முதலில் இழுத்தால் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும், அதைப் பார்த்து மனசு "காலி" என்று முடிவு செய்துவிடும். ஆனால் ஸ்லைடு திரும்பும்போது மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டது. இப்போது மேகசினை எடுத்தாலும் துப்பாக்கி லோடாகித்தான் இருக்கிறது.

வெளியே வரும் தோட்டாவைக் கையால் பிடிக்க வேண்டாம். தோட்டா வெளியேறும் துவாரத்தைக் கையால் மூடினால் தோட்டா உள்ளேயே மாட்டி, அதன் பிரைமரில் எஜெக்டர் (தோட்டாவை வெளியே தள்ளும் பாகம்) குத்தி உங்கள் உள்ளங்கையிலேயே வெடிக்கலாம். தரையில் விழட்டும், பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

ஸ்லைடைத் திறந்து பிடித்து, சேம்பரை நீங்களே பாருங்கள். ரேஞ்ச் ஆபீசர் பார்ப்பது இரண்டாவது சோதனை; முதல் சோதனை உங்களுடையது. "இஃப் கிளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்" என்றால், ஸ்லைடை விட்டு, மண்மேட்டை நோக்கி ட்ரிகரை இழுக்க வேண்டும். ஹேமரை (சுடும்போது அடிக்கும் சுத்தியல் பாகம்) கையால் இறக்கக் கூடாது, அதை இறக்குவதற்கான நெம்புகோலான டீகாக்கரையும் தொடக் கூடாது. அந்த இழுப்பில் குண்டு வெடித்தால் தகுதி நீக்கம், ஆனால் மண்மேட்டில் போய்ப் புதையும், யாருக்கும் காயம் இருக்காது. மேகசின் இல்லாமல் ட்ரிகர் வேலை செய்யாத வகைத் துப்பாக்கி என்றால் ரேஞ்ச் ஆபீசரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காலி மேகசின் போட்டு எப்படிச் செய்வது என்று அவர் சொல்வார்.

ஹோல்ஸ்டரில் வைக்கும்போது மெதுவாக, பார்த்து வையுங்கள். சட்டை நுனி உள்ளே சிக்கியிருக்கலாம். "ரேஞ்ச் இஸ் கிளியர்" என்ற குரல் வந்தபிறகுதான் ஆட்கள் இலக்குப் பக்கம் போவார்கள். அவர்கள் முன்னால் இருக்கும்போது துப்பாக்கியில் கை வைக்காதீர்கள். போய் நீங்களும் இலக்கில் குண்டு துளைத்த ஓட்டைகளை மூட ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஸ்குவாடில் (ஒன்றாகச் சுற்றிச் சுடும் உங்கள் குழு) எல்லோரும் செய்ய வேண்டிய வேலை அது.

8. தகுதி நீக்கம் ஆகிவிட்டால்

ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்" சொல்லி, துப்பாக்கியைக் காலி செய்ய வைத்து, என்ன நடந்தது என்று விளக்குவார். வாக்குவாதம் வேண்டாம். முடிவில் உடன்பாடு இல்லை என்றால் ரேஞ்ச் ஆபீசர்களுக்கு மேலிருக்கும் ரேஞ்ச் மாஸ்டரிடம் முறையிட வழி உண்டு. நல்ல சுடுநர்கள் பலருக்கும் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும், அவமானம் எதுவும் இல்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஸ்குவாடோடு இருந்து மற்றவர்களின் கால்களையும் குழலையும் கவனியுங்கள். சுடும் பரபரப்பில் கண்ணில் படாதது பலதும் அன்றைக்குப் படும்.

கிளம்பும்போது சோப்பு போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்கள். பிரைமர் புகையிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. கழுவும் முன் எதையும் சாப்பிடாதீர்கள், ரேஞ்சில் போட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.