ஜெர்மனியில் தொழில் தொடங்குகிறீர்களா? எந்தச் சங்கத்தில் சேர்வது?

ஜெர்மனிக்கும் ஊருக்கும் இடையில் ஏதாவது வியாபாரம் செய்யலாம் என்று நினைப்பவர்கள் சங்க விஷயத்துக்கு முன்னால் கையில் இருக்கும் விசாவைப் பாருங்கள். வேலைக்காக நீல அட்டையில் (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான 'புளூ கார்டு' அனுமதி) வந்தவர் சொந்தத் தொழிலைப் பகுதி நேரமாகச் செய்வதானாலும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

சரி, இப்போது சங்கம். ஊருக்கு ஊர் இருக்கும் தொழில் வணிகச் சபையை இங்கே 'இ-ஹா-கா' என்பார்கள். அதில் நாம் போய்ச் சேர வேண்டியதில்லை. நகராட்சியில் 'கெவெர்பெ', அதாவது சொந்தத் தொழில், பதிந்தாலே, பெரும்பாலான தொழில்களுக்கு அதன் கடிதம் தானாக வந்துவிடும். சட்டப்படி கட்டாய உறுப்பினர். வணிகப் பதிவேட்டில் ஏறாத தனிநபருக்கு ஆண்டு லாபம் 5,200 யூரோவைத் தாண்டாவிட்டால் சந்தா இல்லை. ஆனால் பதிவேட்டுக் கட்டணம் என்ற பெயரில் போலிக் கடிதங்களும் வரும். பணம் கட்டும் முன் சபையிலேயே கேட்டுவிடுங்கள், பதில் சொல்வார்கள்.

இந்திய-ஜெர்மன் வர்த்தகச் சபை வேறு. 1956-இல் மும்பையில் தொடங்கியது. சென்னையிலும், ஜெர்மனியில் டுசல்டோர்ஃபிலும் அலுவலகம் உண்டு. இலங்கைத் தொடர்பு உள்ளவர்களுக்குக் கொழும்பில் ஜெர்மன் தொழில்துறையின் பிரதிநிதி அலுவலகம் இருக்கிறது. இவற்றில் சேர்வது நம் விருப்பம். கோயம்புத்தூர் பம்புக்கோ திருப்பூர் பனியனுக்கோ இங்கே வாங்குபவரைத் தேடுகிறவருக்கு நல்ல இடம். வேலை தேடுகிறவர் சந்தா கட்டிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்பது என் அபிப்பிராயம்.

உடனே விண்ணப்பம் போடாதீர்கள். உறுப்பினர் அல்லாதவரும் வரக்கூடிய நிகழ்ச்சி இருந்தால் விருந்தினராகப் போய்ப் பாருங்கள். யார் வருகிறார்கள், உங்கள் துறைக்காரர் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். 2015-இல் இந்தியா கூட்டாளி நாடாக இருந்த ஹனோவர் தொழிற்கண்காட்சி மாதிரி இடங்களில் ஒரு நாள் சுற்றினாலே நிறையப் பிடிபடும். அப்புறம், சந்தாவில் எது அடக்கம், எதற்குத் தனிக் கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். கூட்டாளி நிறுவனம் தேடித் தருவது பெரும்பாலும் தனிக் கணக்குதான்.

சிறிய நட்புச் சங்கங்களில் சேர்வதானால் விதிமுறைப் புத்தகத்தில் விலகும் பகுதியை முதலில் படியுங்கள். ஆண்டு முடிவில்தான் விலக முடியும் என்று சங்கம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. முன்னறிவிப்புக் காலம் இரண்டு ஆண்டு வரைகூடப் போகலாம்.